கை எட்டும் எல்லை

கேம்பேடின் குமிழை வலப்புறம் தள்ளினால் திரையில் இருக்கும் உருவம் வலப்புறம் நகர்கிறது. விரல் தள்ளுவதற்கும் உருவம் நகர்வதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்று விளையாடுபவர் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. எல்லாம் ஒழுங்காக இயங்கும்வரை இடையில் இருப்பவை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கம்பி அறுந்தாலோ கை தன் வலிமையை இழந்தாலோதான் அவை வெளிப்படும். என் மாமாவுக்காகப் பழைய மடிக்கணினி ஒன்றில் கேம்பேடைப் பொருத்தப் புகுந்தபோது எனக்கு இரண்டும் ஒருங்கே வெளிப்பட்டன.

மாமா, என் தாயாரின் தம்பி. நாமக்கல்லில் 28 ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டுநராகப் பணியாற்றியவர். அதில் பெரும்பகுதி கொல்லிமலைத் தடத்தில் கழிந்தது. அடிவாரத்துக் காரவள்ளியைக் கடந்ததும் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் எந்தக் கியர், எந்த வளைவில் எதிர்வண்டிக்கு முன்கூட்டியே ஒலியெழுப்ப வேண்டும் என்பதை அவர் விரல்விட்டுச் சொல்வார். ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில் பக்கவாதம் வந்தது. பேச்சு சில வாரங்களில் தெளிந்தது. கால் ஊன்றி நடக்கத் தொடங்கினார். வலக்கை மட்டும் திரும்பி வரவில்லை. தண்ணீர் நிரம்பிய டம்ளரை அந்தக் கையால் பிடிக்க முயல்வார். பிறகு யாரும் பார்க்காதபோது இடக்கைக்கு மாற்றிக்கொள்வார்.

இயன்முறை மருத்துவர் மென்மையான பந்து ஒன்றைத் தந்து, காலையும் மாலையும் அதை அமுக்கிப் பழகச் சொல்லியிருந்தார். மாமா இரண்டு நாள் அமுக்கினார். மூன்றாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தபோது, “பந்தை அமுக்கி எந்த ஊருக்குப் போறது, மாப்பிள்ளை?” என்று கேட்டார். 28 ஆண்டுகள் கையை அசைத்தால் ஊர்கள் வந்த மனிதருக்கு, அசைத்தும் எதுவும் வராத பயிற்சி பொருளற்றதாகத் தோன்றியதில் வியப்பில்லை. கையை அசைத்தால் கண்முன் ஏதேனும் ஒன்று நகர வேண்டும். அப்போதுதான் எனக்குக் கேம்பேடின் நினைவு வந்தது.

மருத்துவரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை; ஆனால் நிபந்தனைகள் விதித்தார். ஒருமுறைக்குப் பத்து நிமிடம் போதும். வலி எடுத்தால் நிறுத்திவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கை போகாத இடத்துக்குத் தோளையும் உடலையும் சாய்த்துக் கொண்டுபோகக் கூடாது. “சாய்ந்து எட்டினால் கை பயிற்சி பெறாது” என்றார். தோளைக் கவனிக்கும் பொறுப்பை அத்தை தாமாகவே ஏற்றுக்கொண்டார். மாமா தம் பணிக்காலத்தில் டிக்கெட் பரிசோதகர்களைக்கூட அவ்வளவு அஞ்சியதில்லை.

மடிக்கணினி மாமாவின் மகனுடையது. தமிழ்நாட்டில் மேனிலை வகுப்பு மாணவர்களுக்கு அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது 2011ஆம் ஆண்டில். அதற்கு அடுத்த ஆண்டுகளில் ஒன்றில் அவன் பெற்றது. அவன் வேலைக்குச் சென்று புதியது வாங்கிய பிறகு, இது பரண்மீது பழைய பாடநூல்களோடு சேர்ந்துகொண்டது. மின்கலம் தன் ஆயுளை முடித்திருந்ததால் மின்கம்பியைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளைக் காணவில்லை. ஆயினும் இயக்கியபோது சற்று முனகிவிட்டு எழுந்தது. விண்டோஸா, லினக்ஸா என்று கேட்டது. விண்டோஸின் கடவுச்சொல் யாருக்கும் நினைவில்லை. ஆகவே, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தேன். பழைய கணினியில் நமக்கு வாய்க்கும் உரிமைகளில் இது ஒன்று: உள்ளே நடப்பதைப் பார்க்க விரும்பினால் லினக்ஸ் மறைக்காமல் காட்டும்.

கேம்பேடும் புதியதன்று. இரண்டு குமிழ்கள், ஒரு சிலுவை வடிவப் பொத்தான், பன்னிரண்டு சிறு பொத்தான்கள், ஒரு கம்பி. அதன் முனையை மடிக்கணினியின் யு.எஸ்.பி. துளையில் செருகினேன். கேம்பேடின் நடுவில் இருந்த சிறிய சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கி அணைந்தது. அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை.

மாமா கட்டிலில் இருந்தபடியே கேட்டார்: “வண்டி கிளம்பலையா?”

“கிளம்பலைங்க மாமா.”

“கிளம்பாத வண்டியை முதல்ல தள்ளக் கூடாது. எது இருக்குது, எது இல்லைன்னு பார்க்கணும்.”

அவர் சொன்னதைவிடச் சிறந்த வழிமுறையை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. இயங்காத கருவியின்முன் நம்மில் பலர் செய்வது, அணைத்துவிட்டு மீண்டும் போடுவது அல்லது கண்ணில்பட்ட அமைப்பை எல்லாம் மாற்றிப் பார்ப்பது. அதனால் சில வேளைகளில் கருவி இயங்கிவிடுவதும் உண்டு. எதனால் இயங்கியது என்பது மட்டும் தெரியாமல் போய்விடும். அடுத்தமுறை மீண்டும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். மலைப்பாதையில் பயணிகளோடு நின்றுவிட்ட பேருந்தில் அப்படித் தடுமாற முடியாது.

எனவே, வரிசையாகப் பார்த்தோம். துளை நலமா? அதே துளையில் பென் டிரைவைச் செருகினேன், உடனே திறந்தது. துளையில் குறையில்லை. கேம்பேடுக்கு மின்சாரம் போகிறதா? விளக்கு மினுக்கியதே, போகிறது. கணினி அதை அடையாளம் கண்டதா? இணைக்கப்பட்ட யு.எஸ்.பி. கருவிகளைப் பட்டியலிடும் கட்டளை ஒன்று லினக்ஸில் உண்டு. பட்டியலில் கேம்பேடின் பெயர் இல்லை. யு.எஸ்.பி. கம்பியின் உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்தைச் சுமப்பவை. பச்சையும் வெள்ளையும் செய்தியைச் சுமப்பவை. மின்சாரம் வருகிறது, செய்தி வரவில்லை. அப்படியானால் பச்சையிலோ வெள்ளையிலோதான் குறை.

“ஹெட்லைட் எரியுது, செல்ஃப் எடுக்கலைங்கற மாதிரி” என்றார் மாமா.

கம்பியை முனைக்கு அருகில் மெல்ல வளைத்துப் பார்த்தேன். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தபோது பட்டியலில் பெயர் தோன்றியது, விட்டதும் மறைந்தது. பலமுறை மடிந்து நிமிர்ந்த இடத்தில் உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தது. பேருந்து நிலையத்தின் அருகில் கைப்பேசி பழுதுபார்ப்பவர் ஒருவர், அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பழைய மவுசின் கம்பி முனையைப் பற்றவைத்துக் கொடுத்தார். நிறத்தை மட்டும் நம்பி இணைக்காமல், ஒவ்வொரு கம்பியும் முனையின் எந்தத் தகட்டில் முடிகிறது என்பதை மல்டிமீட்டரால் சோதித்த பிறகே அவர் பற்றவைத்தார். விலை மலிந்த கம்பிகளில் நிறங்கள் மாறிக் கிடப்பதுண்டாம்.

இப்போது பட்டியலில் பெயர் வந்தது. கேம்பேடு அனுப்பும் எண்களைத் திரையில் காட்டும் சிறு நிரல் ஒன்றை என் கணினியில் பதிவிறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தேன். அந்த இயங்குதளம் 32 பிட் வகை என்பதால் அதற்குரிய பதிப்பைத் தேடியெடுக்க வேண்டியிருந்தது. நிரலை இயக்கிக் குமிழை அசைத்தேன்.

இதுபோன்ற எளிய கேம்பேடுகள் குமிழின் நிலையை 8 பிட்டுகளில் சொல்கின்றன. இரண்டின் எட்டாம் அடுக்கு 256. ஆகவே இடக்கோடியில் 0, வலக்கோடியில் 255, நடுவில் 127 அல்லது 128. இடையில் உள்ள எண்கள் எல்லாம் குமிழ் கடந்துசெல்லும் படிகள். ஆனால், திரையில் படிகள் வரவில்லை. சிறிது தள்ளினேன்: 127. இன்னும் சிறிது: 127. மேலும் தள்ளியதும் திடீரென 255. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்விட்ச் இருந்ததுபோல் இருந்தது.

காரணம் அந்தச் சிவப்பு விளக்கில் இருந்தது. இவ்வகைக் கேம்பேடுகள் இருவகையாக இயங்கும். விளக்கு அணைந்திருந்தால் குமிழும் சிலுவைப் பொத்தானைப்போல நடந்துகொள்ளும். இடம், வலம், நடு என்ற மூன்றைத் தவிர வேறெதையும் சொல்லாது. விளக்கின் அருகில் உள்ள பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். குமிழ் தன் ஒவ்வொரு படியையும் சொல்லத் தொடங்கும். அழுத்தினேன். 127, 131, 140, 158 என்று எண்கள் நீரோட்டமாக ஓடின. விளையாடுவோருக்கு இது சிறு வசதி. மாமாவுக்கோ இதுவே அனைத்தும். கோடிவரை தள்ள இயலாத கை, ஸ்விட்ச் போன்ற குமிழில் எவ்வளவு முயன்றாலும் 127ஆகவே இருந்திருக்கும். முயற்சி நடந்தது என்பதற்கே அடையாளம் இருந்திருக்காது.

கையில் பிடிப்பதற்காக வடிவமைக்கப்பட்ட கேம்பேடை மாமாவால் பிடிக்க முடியாது. அதை ஒரு பலகைமீது வைத்துப் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டைகளால் இறுகக் கட்டினோம். குமிழோ கட்டைவிரலுக்கென அமைந்தது. மாமாவின் கட்டைவிரல் அதன்மேல் நிற்கவில்லை. அத்தை கட்டிலுக்கு அடியில் இருந்து அந்தப் பந்தை எடுத்துவந்தார். கத்தியால் அதன் அடியில் ஒரு கீறல் போட்டு, இடப்பக்கக் குமிழின்மேல் செருகினார். விரல்கள் முழுவதும் பற்றிக்கொள்ளும் அளவில் உருண்டையாக நின்றது. மாமா வலக்கையை அதன்மேல் வைத்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பேருந்தின் கியர்த் தண்டின் தலையிலும் அப்படியோர் உருண்டைதான் இருக்கும்.

அடுத்தது அளவுத்திருத்தம். அதற்கான நிரல் ஒவ்வோர் அச்சுக்கும் மூன்று கேள்விகள் கேட்கும்: ஒரு கோடிக்குக் கொண்டுபோய் ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்து, நடுவில் வைத்து அழுத்து, மறுகோடிக்குக் கொண்டுபோய் அழுத்து. “மெசினுக்கே அதோட கோடி தெரியாதா? ஏன் நம்மைக் கேட்குது?” என்றார் மாமா. நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல 1981ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, விளையாட்டுக் கருவிகளை இணைப்பதற்கான அட்டை ஒன்றையும் தனியே விற்றது. அதில் 15 ஊசிகள் கொண்ட இணைப்பு இருந்தது. ஜாய்ஸ்டிக்கின் உள்ளே ஒவ்வோர் அச்சிலும் ஒரு மாறும் மின்தடை. தண்டைச் சாய்த்தால் மின்தடை 0 முதல் 1,00,000 ஓம் வரை மாறும். மின்தடையை நேரடியாக அளக்கும் கருவி அந்த அட்டையில் இல்லை. விலையைக் குறைக்க வேறொரு வழி கண்டிருந்தார்கள். கணினி 513 என்ற முகவரிக்கு ஒரு குறிப்பு அனுப்பும். அட்டையில் உள்ள மின்தேக்கி அந்த மின்தடையின் வழியே மின்னேற்றம் பெறத் தொடங்கும். மின்தடை மிகுதியானால் மின்னேற்றம் மெதுவாகும், குறைந்தால் விரைவாகும். மேனிலை இயற்பியலில் நீங்கள் மின்தேக்கியைப் பற்றிப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். ஐ.பி.எம். தந்த கணக்கின்படி, மின்தடை இல்லாதபோது 24.2 மைக்ரோ நொடி. ஒவ்வோர் ஓமுக்கும் 0.011 மைக்ரோ நொடி கூடும். முழு மின்தடைக்கு ஏறத்தாழ 1,124 மைக்ரோ நொடி, அதாவது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். அதுவரை கணினி வேறு வேலை பார்க்காமல், “நிரம்பியதா, நிரம்பியதா” என்று கேட்டபடி எண்ணிக்கொண்டிருக்கும். எத்தனை எண்ணினோமோ அதுவே தண்டின் நிலை.

இருட்டில் குடத்தின் அடியில் நின்றுகொண்டு, அது நிரம்பும்வரை ஒன்று இரண்டு என்று எண்ணி, குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணிப்பது போன்றது இது. எண்ணுபவர் விரைவாக எண்ணினால் விடை மாறிவிடும். அதுதான் நேர்ந்தது. 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடிய முதல் கணினிகளுக்குப் பின் வேகமான கணினிகள் வந்தன. அதே தண்டு, அதே நிலை, ஆனால் எண்ணிக்கை பலமடங்கு. ஆகவே ஒவ்வொரு கணினியும், சில வேளைகளில் ஒவ்வொரு விளையாட்டும், தொடங்குமுன் “உன் கோடிகளைக் காட்டு” என்று கேட்க வேண்டியதாயிற்று. பின்னர் அந்த 15 ஊசி இணைப்பு ஒலி அட்டைகளின் முதுகில் இடம்பெயர்ந்தது. 1996ஆம் ஆண்டில் யு.எஸ்.பி. வந்த பிறகு எண்ணும் வேலையைக் கருவியே ஏற்றுக்கொண்டு, முடிவை மட்டும் எண்ணாக அனுப்புகிறது. விண்டோஸ் விஸ்டா அந்தப் பழைய இணைப்பைக் கைவிட்டது. கேள்வி மட்டும் நிலைத்துவிட்டது. மின்தடைக்குள் இருக்கும் கரித்தடம் தேயத் தேய நடுவும் கோடியும் நகர்கின்றனவே!

நான் இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மாமா மின்தடையைப் பிடித்துக்கொண்டார். “டேங்குல மிதவை இருக்கும். டீசல் குறைஞ்சா மிதவை இறங்கும், முள் இறங்கும். அதுதானே?” அதேதான். பேருந்தின் எரிபொருள் காட்டியும் மிதவையால் இயங்கும் மாறும் மின்தடையே. முள் எல்லா வண்டியிலும் ஒரேமாதிரி பொய் சொல்லாது என்றும், தம் பழைய வண்டியில் முள் கால்பங்கைக் காட்டினால் காரவள்ளிக்கு மேல் ஏறக் கூடாது என்றும் அவர் தொடர்ந்தார்.

முதலில் என் கையால் அளந்தேன். இடம் 0, வலம் 255. கருவியின் எல்லை அது. பிறகு மாமாவின் கையால். “மாமா, போகிறவரை இடப்பக்கம் தள்ளுங்க.” அவர் தள்ளினார், இடக்கையால் பொத்தானை அழுத்தினார். 61. “நடுவுல விடுங்க.” கை தன் கனத்தில் பந்தின்மேல் கிடந்தது, 119. பக்கவாதத்துக்குப் பின் தசைகள் கையை உடலை நோக்கி உள்ளிழுக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எண்ணும் அதையே சொன்னது. “வலப்பக்கம்.” கழுத்து நரம்பு புடைத்தது. “தோளு!” என்றார் அத்தை. தோள் நேரானது. 158.

நடுவிலிருந்து வலக்கோடிவரை கருவிக்கு 127 படிகள். மாமாவுக்கு 30.

இளைப்பாறும் கையின் நடுக்கத்தால் எண் 115க்கும் 124க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருந்தது. அதை அப்படியே விட்டால் உருவம் தானாக இடப்புறம் சரியும். எனவே, நடு என்பதை ஒரு புள்ளியாகக் கொள்ளாமல் ஒரு பரப்பாகக் கொள்ளும்படி இரண்டு எண்களைக் கொடுத்தேன். அந்தப் பரப்புக்குள் என்ன அசைந்தாலும் கணினி பொருட்படுத்தாது. இதை விளக்க எனக்கு ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. “ஸ்டியரிங்ல பிளே விடற மாதிரி. பிளே இல்லாத ஸ்டியரிங் ஓட்டுநரைக் கொன்னுபோடும், அதிகமாப் போனா பயணியைக் கொன்னுபோடும்” என்றார் மாமா.

நான் தேர்ந்தெடுத்த விளையாட்டில் லினக்ஸின் அடையாளமான டக்ஸ் என்னும் பெங்குவின் பனிச்சரிவில் வயிற்றால் சறுக்கிக்கொண்டு இறங்கும். நாம் அதை இடம் வலம் திருப்ப வேண்டும். எண்களை எல்லாம் சேமித்து விளையாட்டைத் தொடங்கினால், பெங்குவின் பழையபடியே நடந்தது. அளவுத்திருத்தம் செய்யாததுபோல் இடப்புறம் சரிந்து மரத்தில் மோதியது. சோதனை நிரலில் எண்கள் சரியாகவே இருந்தன. இந்தச் சிக்கல் ஒரு மாலைப்பொழுதை விழுங்கியது. லினக்ஸில் கேம்பேடின் செய்தி இரண்டு வழிகளில் போகிறது; ஒன்று ஜாய்ஸ்டிக்குக்கென்றே அமைந்த பழைய வழி, மற்றொன்று எல்லா உள்ளீட்டுக் கருவிகளுக்குமான புதிய வழி. நாங்கள் செய்த அளவுத்திருத்தம் பழைய வழியில் மட்டுமே செல்லுபடியாகும். விளையாட்டோ புதிய வழியில் கேட்டுக்கொண்டிருந்தது. ஊருக்குள் வரும் பழைய சாலையில் அறிவிப்புப் பலகையை நட்டுவிட்டுக் காத்திருந்தோம். பேருந்து புறவழிச் சாலையில் போய்விட்டது. விளையாட்டைத் தொடங்கும் கட்டளைக்கு முன், எந்த வழியில் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாயிற்று. கணினியை அணைத்தால் எண்கள் மறந்துபோகாமல் இருக்க அவற்றைக் கோப்பில் எழுதிவைக்கும் கட்டளையையும் சேர்த்தேன். மின்கம்பி பிடுங்கினாலே அணைந்துவிடும் கணினிக்கு அது மிகவும் தேவை.

மாமாவின் 158ஐக் கணினி இப்போது முழு வலமாக எடுத்துக்கொண்டது. அவர் 30 படி தள்ளினால் பெங்குவின் முழுமையாகத் திரும்பியது. முதல் நாளே மூன்று வளைவுகளைக் கடந்தார். “பிரேக் பிடிக்காத வண்டியை எவன்டா மலையில விட்டது?” என்று சிரித்தார். அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சிரிப்பு அந்த வீட்டில் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பத்து நிமிடம் முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “இப்ப அதைத் திருப்பினது என் கையா, நீயா?”

எனக்கு உடனே விடை கிடைக்கவில்லை. அத்தை, “மனசுக்குச் சந்தோசமா இருந்தாப் போதாதா?” என்றார். மாமாவுக்குப் போதவில்லை. கை போகாத தொலைவைப் போனதாகக் கணினி சொல்வது அவருக்கு உறுத்தியது. நான், பவர் ஸ்டியரிங்கை நினைவூட்டினேன். அதுவும் ஓட்டுநரின் சிறு விசையைப் பெரிதாக்கித்தானே தருகிறது, வளைவில் திரும்பியது ஓட்டுநர் இல்லையா? அவர் சற்று யோசித்தார். “பவர் ஸ்டியரிங் இருந்தாலும் சக்கரத்தை எவ்வளவு சுத்தினேன்னு எனக்குத் தெரியும்.”

அவருடைய மறுப்பில் பொருள் இருப்பதாகவே இன்றும் கருதுகிறேன். ஒருவருக்கு ஏற்றபடி கருவியை வளைத்துக் கொடுப்பது ஏமாற்று வேலை அன்று. வளைத்த அளவை அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்வதே ஏமாற்று. எல்லாக் குமிழ்களையும் வலிமையான கட்டைவிரலுக்கென அமைத்துவிட்டு, அதையே இயல்பான எல்லை என்று அழைப்பதும் ஒருவகையில் வளைப்புதான். அது பெரும்பான்மையோருக்கு ஏற்ற வளைப்பு என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

மருத்துவர் இருவர் பக்கமும் பேசினார். எட்டாத இலக்கைத் தொடர்ந்து வைத்தால் நோயாளி பயிற்சியை விட்டுவிடுவார். எளிதாக எட்டும் இலக்கை வைத்தால் கை அங்கேயே நின்றுவிடும். முடிவைச் சொன்னவர் மாமா: “எட்டற இடத்துக்கு ரெண்டு விரல் தள்ளி வை.” இரண்டு விரலை ஆறு படியாகக் கொண்டோம். கோப்பில் வலக்கோடி 164 ஆயிற்று. அன்று முதல் பெங்குவின் முழுமையாகத் திரும்பவில்லை. கடைசி வளைவில் மரத்தை உரசிக்கொண்டே போனது. மாமா அதைக் குறை சொல்லவில்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் சோதனை நிரலைத் திறந்து, எந்தத் திருத்தமும் இல்லாத உண்மையான எண்ணைப் பார்ப்பது வழக்கமாயிற்று. அதற்கென ஒரு குறிப்பேடு. மாமா அதில் பேருந்தின் டிரிப் ஷீட்டைப் போலவே கட்டங்கள் போட்டிருந்தார்: நாள், புறப்பாடு, சேர்விடம், குறிப்பு. புறப்பாடு நடு எண். சேர்விடம் வலக்கோடி எண். குறிப்பில் “தோள்” என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை அத்தை செல்லாது என்று அறிவித்துவிட்டார் என்று பொருள். முதல் மாதம் எண்கள் 160ஐச் சுற்றியே நின்றன. மூன்றாம் வாரத்தில் ஒருநாள் 149க்கு இறங்கியது. மாமா அன்று யாரிடமும் பேசவில்லை. மறுநாள் மற்றொரு குமிழையும் சோதித்துப் பார்த்தபோதுதான், குமிழின் அடியில் தூசு சேர்ந்து எண்கள் இடையிடையே குதிப்பது தெரிந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்ததும் 161. குறை கையில் இல்லை, கருவியில் இருந்தது என்று அறிந்தபோது அவர் முகத்தில் தோன்றிய நிம்மதியை நான் வேறெந்தப் பழுதுபார்ப்பிலும் கண்டதில்லை. அதன்பின் எண் இறங்கும்போதெல்லாம் முதலில் என் கையால் ஒருமுறை 255வரை தள்ளிக் கருவியைச் சோதித்துவிட்டே அவர் கையை அளந்தோம்.

இரண்டாம் மாத இறுதியில் 168. மூன்றாம் மாதத்தில் 176. ஒவ்வொரு முறையும் கோப்பில் ஆறு கூட்டிக்கொண்டே போனேன். நடு எண்ணும் 119லிருந்து மெல்ல 123க்கு வந்தது. டம்ளரை இன்னும் இடக்கையால்தான் எடுக்கிறார்; ஆனால் சட்டைப் பொத்தானில் மேலிருந்து மூன்றாவதை வலக்கையின் துணையோடு போட்டுக்கொள்கிறார் என்று அத்தை தொலைபேசியில் சொன்னார். மூன்றாவது பொத்தான் என்பதை அவர் இருமுறை அழுத்திச் சொன்னார்.

நான்காம் மாதத்தில் 181 வந்தது. அடுத்த திங்களும் 181. அதற்கடுத்த மூன்று திங்களும் அதுவே. கருவியைத் துடைத்துப் பார்த்தாயிற்று. என் கையால் தள்ளினால் 255 வருகிறது. கம்பியிலும் குறையில்லை. பக்கவாதத்துக்குப் பின் முன்னேற்றம் இப்படி ஓரிடத்தில் நிற்பதுண்டு, மீண்டும் நகரலாம், நகராமலும் போகலாம் என்று மருத்துவர் மறைக்காமல் சொன்னார். கோப்பில் வலக்கோடி 187 என்று இருக்கிறது. அதை 181க்குக் குறைத்துவிடட்டுமா, பெங்குவின் மரத்தை உரசாமல் போகுமே என்று மாமாவிடம் கேட்டேன்.

குறிப்பேட்டில் அன்றைய கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “187 அப்படியே கிடக்கட்டும்” என்றார்.